பெயரில்லாதவனைப் படைத்த பெண்மணி

‘பிராங்கன்ஸ்டைன்’ என்ற பெயரைக் கேட்டதும் நம் கண்முன் வந்து நிற்பது யார்? சதுரமான தலை, தையல் போட்ட நெற்றி, கழுத்தின் இரு பக்கமும் இரும்பு முளை, பேசத் தெரியாமல் உறுமிக்கொண்டு வரும் ஒரு பூதம். இந்த உருவத்தை நமக்குத் தந்தது 1931ஆம் ஆண்டு வெளிவந்த ஹாலிவுட் திரைப்படம். ஆனால் அதற்கு நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளியான நாவலில் அந்தப் பூதம் நன்றாகப் பேசுகிறது, புத்தகம் படிக்கிறது, கண்ணீர் விடுகிறது, தன் பக்கத்து நியாயத்தை ஒரு வழக்கறிஞரைப் போல எடுத்து வைக்கிறது. பிராங்கன்ஸ்டைன் என்பது அதன் பெயரும் அன்று. அதைப் படைத்த மாணவனின் பெயர். பூதத்துக்குப் பெயரே இல்லை. படைத்தவனே பெயர் வைக்காமல் ஓடிவிட்டான்.

பேய்க்கதை படிக்கிற பெண் உருப்படமாட்டாள் என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். இரவு படித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போகத் துணை தேடியவர்கள் நம்மிலும் இருக்கிறோம். ஆனால் தோலின் நிறத்தையும் முகத்தின் அமைப்பையும் பார்த்து மனிதனை ஒதுக்கும் கொடுமையையும், பெண்ணை ஒரு பொருளாக நினைக்கும் கொடுமையையும் நேருக்கு நேர் சொன்னால் காது கொடுக்காதவர்கள், பயமுறுத்தும் கதை என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்கள். இதைப் பதினெட்டு வயதில் செய்துகாட்டிய பெண் மேரி ஷெல்லி. அவருடைய வாழ்க்கையே ஒரு துயரக் கதை.

மேரி 1797ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை வில்லியம் காட்வின் பெயர்பெற்ற தத்துவ அறிஞர். அரசும் சட்டமும் மனிதரைக் கெடுக்கின்றன, அறிவு வளர்ந்தால் இவை தேவைப்படா என்று எழுதியவர். தாய் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் அவரினும் புகழ் வாய்ந்தவர். தம் சகோதரிகளுடன் சேர்ந்து 1784இல் ஒரு பள்ளிக்கூடம் நடத்திய அந்த அம்மையார், 1792இல் ‘பெண்ணுரிமைகளின் நியாயம்’ என்ற பொருள்படும் நூலை எழுதினார். பெண்கள் அறிவில் குறைந்தவர்களாகத் தோன்றுவதற்குக் காரணம் பிறப்பு அன்று, அவர்களுக்குக் கல்வி மறுக்கப்பட்டதே என்பது அந்த நூலின் சாரம். பெண்களின் நிலையை அடிமைகளின் நிலையோடு பல இடங்களில் அவர் ஒப்பிட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழியரே. மகளின் கதையில் இது வேறு வடிவத்தில் வரும்.

பிரசவத்தின்போது நஞ்சுக்கொடி முழுவதும் வெளிவரவில்லை. மருத்துவர் கையால் எடுத்தார். கை கழுவ வேண்டும் என்பதை மருத்துவ உலகம் அறியாத காலம். காய்ச்சல் கண்டது, செப்டம்பர் 10ஆம் நாள் தாய் கண்ணை மூடினார். மேரிக்கு அப்போது வயது பதினோரு நாள். தன் பிறப்பே தாயின் இறப்புக்குக் காரணம் என்ற எண்ணத்தோடு ஒரு பெண்குழந்தை வளர்வது எப்படியிருந்திருக்கும்! பிறப்பும் சாவும் ஒரே அறைக்குள் இருக்கும் கதை ஒன்றை அவர் பிற்காலத்தில் எழுதியதில் வியப்பில்லை.

மனைவியின் மேல் அன்பு மிகுந்த காட்வின் அடுத்த ஆண்டே அவருடைய வரலாற்றை எழுதி வெளியிட்டார். ஒன்றையும் மறைக்கவில்லை. திருமணமாகாமலே முன்பு ஒரு பெண் குழந்தை பெற்றதையும், மனமுடைந்து உயிரை விட முயன்றதையும் அப்படியே எழுதிவிட்டார். உண்மை பேசுவது நல்லதுதான். ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு உலகம் என்ன செய்தது? அம்மையாரின் நூலைத் தொடவே நல்ல குடும்பத்துப் பெண்கள் அஞ்சினார்கள். அவர் சொன்ன வாதத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அவர் நடத்தையைச் சொல்லி வாதத்தை மூடிவிட்டார்கள். ஆண் எழுத்தாளர் எவருக்கும் இந்த நியாயத்தை யாரும் காட்டியதாகத் தெரியவில்லை. மேரி வளர்ந்தது இந்தப் பெயரின் நிழலில்.

சிறுமி மேரி புனித பங்கிராஸ் கல்லறைத் தோட்டத்தில் தாயின் கல்லறைக் கல்லில் வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் தடவித்தான் எழுத்தறிந்தாள் என்று சொல்வார்கள். தாயின் பெயரும் மகளின் பெயரும் ஒன்றே. 1801இல் தந்தை மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னைக்கு முன்பே இரண்டு குழந்தைகள். பின்னர் ஒரு பையன் பிறந்தான். அந்த வீட்டில் வளர்ந்த ஐந்து பிள்ளைகளில் எந்த இருவருக்கும் தாயும் தந்தையும் ஒன்றல்லர்! சிற்றன்னைக்கும் மேரிக்கும் ஒத்துப்போகவில்லை. முறையான பள்ளிப்படிப்பு அதிகம் கிடைக்கவில்லை; தந்தையின் நூலகமும், வீட்டுக்கு வந்துபோகும் அறிஞர்களின் பேச்சுமே அவருக்குப் பள்ளி. கவிஞர் கோல்ரிட்ஜ் ஒருநாள் இரவு தம் ‘முதிய மாலுமி’ கவிதையைத் தம் வாயாலேயே சொல்ல, தூங்கப்போக வேண்டிய சிறுமிகள் சோபாவுக்குக் கீழே ஒளிந்து கேட்டார்கள் என்பது புகழ்பெற்ற செய்தி. 1812இல் ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்தில் ஒரு நண்பர் குடும்பத்தில் தங்க அனுப்பினார்கள். மகிழ்ச்சியாக இருந்த காலம் அதுதான் என்று மேரியே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அடுத்து நடந்ததை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் விட்டுவிட்டால் வரலாறு ஆகாது. கவிஞர் பெர்சி ஷெல்லி காட்வினின் சீடராக வீட்டுக்கு வந்தார். அவருக்கு மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். 1814 ஜூலை 28ஆம் நாள் விடியுமுன் மேரி அவருடன் பிரான்சுக்குப் புறப்பட்டுவிட்டார். மேரிக்கு வயது பதினாறு. சிற்றன்னையின் மகள் கிளேரும் உடன் சென்றாள். சட்டமும் சடங்கும் வேண்டாம் என்று எழுதிய தந்தை, மகள் அதைச் செய்தபோது அவள் முகத்தில் விழிக்க மறுத்தார். கடன் கேட்டு ஷெல்லிக்குக் கடிதம் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. விட்டுவரப்பட்ட மனைவி ஹாரியட்டை நினைத்தால் எனக்கு மேரி மேல் கோபம் வருகிறது. ஓடிப்போன பெண்ணை ஊர் பேசிய அளவுக்குக் கூட்டிப்போன ஆணைப் பேசியதா என்று நினைத்தால் அந்தக் கோபம் திசை மாறுகிறது.

1815 பிப்ரவரியில் மேரிக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு வாரம்கூட இருக்கவில்லை. தாயின் நாட்குறிப்பில் அதற்கு ஒரு பெயரும் காணப்படவில்லை. சில நாள் கழித்து மேரி ஒரு கனவு கண்டதை அதே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்: குழந்தை இறக்கவில்லை, குளிர்ந்துதான் போயிருந்தது, கணப்பருகே வைத்துத் தேய்த்ததும் உயிர் வந்துவிட்டது. விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை. இறந்த உடலுக்கு உயிர் கொடுக்கும் எண்ணம் அவருக்கு விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து மட்டும் வந்ததன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் வானத்தை மறைத்ததால் 1816ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் கோடைகாலமே வரவில்லை. பயிர்கள் அழிந்தன, ஓயாத மழை. அந்த மழைக்காலத்தில்தான் மேரியும் ஷெல்லியும் கிளேரும் சுவிட்சர்லாந்தில் ஜெனிவா ஏரிக்கரையில் தங்கியிருந்தார்கள். அருகிலிருந்த தியோதாத்தி மாளிகையில் பைரன் பிரபுவும் அவருடைய இளம் மருத்துவர் பாலிடோரியும் இருந்தார்கள். வெளியே போக முடியாத மாலைகளில் பிரெஞ்சு மொழியில் இருந்த ஜெர்மானியப் பேய்க்கதைகளைப் படித்தார்கள். நாம் ஒவ்வொருவரும் ஒரு பேய்க்கதை எழுதலாமே என்று பைரன் சொன்னார்.

பெரிய கவிஞர்கள் இருவரும் தொடங்கிய கதைகளைப் பாதியில் போட்டுவிட்டார்கள். மேரிக்கோ ஒன்றுமே தோன்றவில்லை. கதை கிடைத்ததா என்று காலைதோறும் கேட்பார்கள். இல்லை என்று சொல்ல வேண்டிய வெட்கம்! (கட்டுரைப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு விழித்தவர்களுக்கு இது புரியும்.) மின்சாரத்தால் இறந்த தசையை அசைக்க முடிகிறதே, உயிரையும் உண்டாக்க முடியுமா என்று ஒருநாள் இரவு ஆண்கள் பேசிக்கொண்டிருக்க, மேரி பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று படுத்தபின் தூக்கம் வரவில்லை. தான் உண்டாக்கிய உருவத்தின் அருகே முழந்தாளிட்டிருக்கும் வெளிறிய மாணவன் ஒருவனும், அசையத் தொடங்கும் அந்த உருவமும் கண்ணுக்குள் வந்தன. மறுநாள் கதை கிடைத்துவிட்டது என்று சொன்னார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. மடியில் ஐந்து மாதக் குழந்தை வில்லியம்.

விக்டர் பிராங்கன்ஸ்டைன் ஜெனிவாக்காரன். இங்கோல்ஸ்டாட் நகரில் படிக்கும்போது இறந்தோர் உடல்களின் பகுதிகளைச் சேர்த்து எட்டடி உயர மனிதனை உண்டாக்குகிறான். உயிர் வந்து மஞ்சள் தோலும் கறுத்த உதடுமாக அவன் கண் திறந்த அந்தக் கணமே விக்டர் அருவருத்து ஓடிவிடுகிறான். அவன் அதுவரை யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. செய்த ஒரே குற்றம் பார்ப்பதற்கு அப்படியிருந்தது. கதையின் திகில் இங்கேதான் தொடங்குகிறது. பூதத்தைக் கண்டு அல்ல, படைத்தவனின் முகச்சுளிப்பைக் கண்டு எனக்குத் திகில் ஏற்பட்டது.

காட்டில் அலைந்த அவன் ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்து வாழ்கிறான். குடிசையில் கண் தெரியாத ஒரு கிழவர், அவர் மகன், மகள். அவர்கள் ஏழைகள் என்று கண்டு இரவில் விறகு வெட்டிக் கொண்டுவந்து வாசலில் வைக்கிறான். சுவரின் இடுக்கு வழியாகப் பார்த்தும் கேட்டும் மொழி கற்கிறான். பேரரசுகளின் வரலாற்றைச் சொல்லும் ஒரு நூலைக் குடிசைக்காரர்கள் உரக்கப் படிக்கும்போது, அமெரிக்க மண்ணின் பூர்வகுடி மக்களுக்கு நேர்ந்த கதியைக் கேட்டு அவன் அழுகிறான். வெள்ளையர் சென்ற இடமெல்லாம் நாகரிகம் பரவியது என்று நம்பிய அந்தக் காலத்தில், ஒரு பேய்க்கதையில் பேயின் கண்ணிலிருந்து அந்தக் கண்ணீரை வரவழைத்தார் மேரி. கதையில் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை, உடன் கேட்ட ஒரே ஓர் அயல்நாட்டுப் பெண்ணைத் தவிர.

இது தற்செயலாக வந்ததன்று. 1814, 1815 ஆண்டுகளில் மேரி படித்த நூல்களின் பட்டியலில் மேற்கிந்தியத் தீவுகளின் வரலாறும் மங்கோ பார்க்கின் ஆப்பிரிக்கப் பயண நூலும் இருக்கின்றன. ஆப்பிரிக்க மக்களைக் கப்பலேற்றி விற்கும் வாணிகத்தை பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1807இல் தடை செய்தது; ஆனால் தீவுகளில் அடிமைத்தனம் அப்படியே நீடித்தது. மனிதனா இல்லையா என்று ஒரு மனித உயிரைப் பற்றி மற்றவர்கள் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது.

கதைக்கு வருவோம். வீட்டில் மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்து அவன் கிழவரிடம் போய்ப் பேசுகிறான். முகத்தைக் காணாத கிழவர் குரலை மட்டும் கேட்டு அன்போடு பேசுகிறார், உதவுவதாகச் சொல்கிறார். அந்த நேரம் பார்த்துக் கண்ணுள்ளவர்கள் திரும்பி வருகிறார்கள். மகன் கம்பால் அடிக்கிறான். மனித இனத்தின் வெறுப்பு கண்ணில்தான் குடியிருக்கிறது என்பதை இதைவிட எளிதாக யார் காட்ட முடியும்! பின்பு ஆற்றில் மூழ்கிய சிறுமியைக் காப்பாற்றுகிறான். துப்பாக்கிக் குண்டு பரிசாகக் கிடைக்கிறது. கடைசியில் ஒரு சின்னப் பையனைக் காண்கிறான். இவனாவது கள்ளமில்லாதவன், வெறுக்கக் கற்றிருக்கமாட்டான் என்று கையைப் பிடிக்கிறான். பையனோ அரக்கன் என்று கத்துகிறான். அவ்வளவு சிறுவயதிலேயே கற்றுவிட்டான். அவன் விக்டரின் தம்பி. முதல் கொலை அங்கே நடக்கிறது.

கொலையை நான் நியாயப்படுத்தவில்லை, மேரியும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கெட்டவனாகப் பிறந்தானா, ஆக்கப்பட்டானா என்று கேட்க வைக்கிறார். கல்வி கொடுக்காமல் வைத்திருந்துவிட்டுப் பெண்ணுக்கு அறிவில்லை என்கிறீர்களே என்று தாய் கேட்ட கேள்வியின் உடன்பிறந்த கேள்விதான் இது.

பெண்களைப் பற்றி இந்த நாவல் என்ன சொல்கிறது என்று பார்த்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். வீட்டுப் பெண்கள் எல்லோரும் நல்லவர்கள், அமைதியானவர்கள். ஒருவர் பின் ஒருவராகச் செத்துப்போகிறார்கள். அந்தத் தாயின் மகளா இப்படி எழுதினார் என்று நினைத்தேன். பிறகு வேலைக்காரப் பெண் ஜஸ்டின் வரும் பகுதியை மறுபடியும் படித்தேன். கொலையுண்ட சிறுவனின் கழுத்தில் இருந்த சிறு படம் அவளுடைய சட்டைப்பையில் கிடைக்கிறது. உண்மைக் கொலையாளி யார் என்று விக்டருக்குத் தெரியும். சொன்னால் தன்னைப் பைத்தியம் என்பார்கள் என்று வாயை மூடிக்கொள்கிறான். அவளுக்கு நல்ல நடத்தைச் சான்று சொல்ல நண்பர்கள் அஞ்சுகிறார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்க வந்த குருவானவரோ குற்றத்தை ஒப்புக்கொள்ளாவிட்டால் மன்னிப்பும் இல்லை, திருச்சபையில் இடமும் இல்லை என்று மிரட்டி மிரட்டி, செய்யாததைச் செய்ததாகச் சொல்ல வைக்கிறார். ஜஸ்டின் கத்தோலிக்கப் பெண். கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கும் எனக்கு இந்த இடம் தொண்டையில் முள்ளாகத்தான் இருந்தது. ஆனாலும் தாண்டிப் படிக்க மனமில்லை. அவள் தூக்கிலிடப்படுகிறாள். படித்த, நல்ல குடும்பத்து ஆண்மகன் ஒருவன் பேசாமல் இருந்ததால் ஓர் ஏழைப் பெண் இறந்தாள். இதில் பூதம் செய்ததைவிட மனிதர்கள் செய்தது அதிகம்.

இன்னொரு இடம். தனிமை தாளாத அவன் தனக்கொரு துணை வேண்டும் என்று மன்றாடுகிறான். விக்டரும் ஒப்புக்கொண்டு ஸ்காட்லாந்தின் வடக்கேயுள்ள ஆர்க்னி தீவில் பெண் உருவம் ஒன்றைச் செய்யத் தொடங்குகிறான். முடியும் தறுவாயில் யோசனை வருகிறது. ஆண் கொடுத்த வாக்குக்கு இவள் ஏன் கட்டுப்பட வேண்டும்? இவளுக்கென்று ஓர் எண்ணம் இருந்தால்? அவனைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால்? குழந்தைகள் பெற்றால்? இவ்வளவு பயமும் வந்து, இன்னும் கண்கூடத் திறக்காத அந்தப் பெண்ணைத் துண்டு துண்டாகக் கிழித்துப் போடுகிறான். ஆணைப் படைக்கும்போது இந்தக் கேள்வி ஒன்றாவது அவனுக்குத் தோன்றியதா? இல்லையே! பெண் தானாகச் சிந்திப்பாள் என்ற பயமே அவளைக் கொல்லப் போதுமானதாக இருந்தது. பக்கம் பக்கமாக உரிமை பேசும் கட்டுரையைக் காட்டிலும் இந்த ஒரு காட்சி என்னை உலுக்கியது.

நாவல் எழுதப்பட்டுக்கொண்டிருந்த மாதங்களும் அமைதியானவை அல்ல. 1816 அக்டோபரில் மேரியின் ஒரு தாய் மகளான ஃபேனி உயிரை மாய்த்துக்கொண்டாள். டிசம்பரில் ஹாரியட்டின் உடல் லண்டன் ஹைட் பூங்கா ஏரியில் கண்டெடுக்கப்பட்டது. அந்த மாதம் 30ஆம் நாள் மேரிக்கும் ஷெல்லிக்கும் திருமணம் நடந்தது. தந்தை அப்போதுதான் மகளோடு பேசினார்.

1818 ஜனவரி முதல் நாள் ‘பிராங்கன்ஸ்டைன்’ மூன்று தொகுதிகளாக, 500 பிரதிகள் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. முன்னுரையைக் கணவர் எழுதியிருந்தார். எனவே நாவலும் அவருடையது என்றே பலர் நினைத்தார்கள். வால்டர் ஸ்காட்டும் அப்படியே எண்ணிப் புகழ்ந்தார். எழுதியது ஒரு பெண் என்று அறிந்த ஒரு பத்திரிகையோ, பெண்மைக்குரிய மென்மையை அவள் மறந்துவிட்டதால் மேற்கொண்டு பேசவே வேண்டியதில்லை என்று விமரிசனத்தை முடித்துக்கொண்டது. ஆண் எழுதியதாக நினைத்தால் மேதைமை. பெண் எழுதியதென்றால் குற்றம்! ஷெல்லி சில இடங்களில் திருத்தியது உண்மை. மேரியின் கையெழுத்துப் பிரதி ஆக்ஸ்போர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. யார் எழுதினார், யார் திருத்தினார் என்பது அதில் கண்கூடு.

இத்தாலியில் கழிந்த ஆண்டுகளை விரிவாக எழுத மனம் வரவில்லை. 1818 செப்டம்பரில் சின்ன மகள் கிளாரா வெனிஸ் நகரில் இறந்தாள். 1819 ஜூனில் மூன்று வயது வில்லியம் ரோம் நகரில் காய்ச்சலில் இறந்தான். அந்த ஆண்டு நவம்பரில் ஃபிளாரன்ஸில் பிறந்த பெர்சி ஒருவன்தான் தங்கினான். 1822 ஜூலை 8ஆம் நாள் ஷெல்லியின் படகு புயலில் கவிழ்ந்தது. இருபத்து நான்கு வயதில் மேரி விதவையானார்.

1823இல் மகனோடு இங்கிலாந்து திரும்பியபோது லண்டனில் அவர் கதை நாடகமாக ஓடிக்கொண்டிருந்தது. நாடகத்துக்குப் போனார். பூதமாக நடித்தவரின் பெயருக்கு எதிரே பாத்திரப் பெயர் போடாமல் வெறும் கோடு போட்டிருந்தார்கள்; பெயரில்லாதவனுக்கு அது பொருத்தம் என்று மகிழ்ந்தார். அந்த ஆண்டுதான் நூலின் இரண்டாம் பதிப்பு அவர் பெயரோடு வந்தது.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் எனக்கு மனத்தை உறுத்துகிறது. 1824 மார்ச் மாதம் பாராளுமன்றத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளைப் பற்றி விவாதம். வெளியுறவு அமைச்சர் கானிங், உடனே விடுதலை கொடுத்தால் பெரியவனின் உடல் பலமும் குழந்தையின் அறிவும் கொண்ட, அந்தக் கதையில் வரும் பூதம் போல ஆகிவிடுவார்கள் என்று பேசினார். எவ்வளவு பெரிய புரட்டு! அந்தப் பூதம் கெட்டது விடுதலை கிடைத்ததாலா? ஒதுக்கப்பட்டு, அடிக்கப்பட்டு, கைவிடப்பட்டதால் அல்லவா? ஒடுக்கப்பட்டவனுக்காக எழுதிய கதையை ஒடுக்குகிறவர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். மேரி கொதித்தெழுந்திருக்க வேண்டும். ஆனால் தம் நூலை அமைச்சர் குறிப்பிட்டதில் மகிழ்ச்சி என்றுதான் நண்பர் ஒருவருக்கு எழுதினார். பிழைப்புக்கு எழுத வேண்டிய ஓர் ஏழை விதவைக்கு அந்தப் புகழ் தேவையாயிருந்திருக்கலாம். ஆயினும் அந்த இடத்தில் அவர் தாய் இருந்திருந்தால் பேனாவை எடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். தீவுகளின் அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது.

நூலிலும் இப்படிச் சில முரண்கள் உண்டு. அநியாயமாகத் தண்டிக்கப்பட்ட துருக்கிய வணிகன் ஒருவனுக்காக நம்மை இரங்க வைத்துவிட்டு, பின்பு அவனையே நன்றி கெட்டவனாக்குகிறார். 1831இல் நூலைத் திருத்தியபோது, விக்டருக்கு மணம் பேசிய எலிசபெத்தை ஓர் ஏழைக் குடியானவன் வீட்டில் வளரும் அநாதையாக மாற்றினார். அங்கே பல குழந்தைகள் இருக்க, கறுத்த கண்களுடைய மற்றவர்களை விட்டுவிட்டுப் பொன்னிறக் கூந்தலும் வெள்ளை மேனியுமுள்ள இவளையே விக்டரின் தாய் தேர்ந்தெடுக்கிறாள். முகத்தைப் பார்த்து மனிதரை நிறுக்காதே என்று முந்நூறு பக்கம் சொல்லும் கதையில் இது எப்படி நுழைந்தது? தன் காலத்துக் காற்றைத்தான் எழுத்தாளரும் சுவாசிக்கிறார் போலும்.

மாமனார் சர் திமதி ஷெல்லி செல்வந்தர். பேரனைத் தம் பொறுப்பில் விட்டுவிட்டால் அவனைக் காப்பாற்றுவதாகச் சொன்னார். மேரி மறுத்துவிட்டார். பின்பு, வருங்காலச் சொத்தில் கழித்துக்கொள்ளும் கடனாகச் சிறுதொகை கொடுக்க இசைந்தார்; அதற்கும் ஒரு நிபந்தனை, கணவரின் வாழ்க்கை வரலாற்றை மேரி எழுதி வெளியிடக்கூடாது. மேரி என்ன செய்தார் தெரியுமா? 1839இல் கணவரின் கவிதைகளைப் பதிப்பித்து, ஒவ்வொரு காலத்துக் கவிதைகளுக்கும் நீண்ட குறிப்பு எழுதினார். குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால் அதுவே வாழ்க்கை வரலாறு!

இதற்கிடையே நாவல்கள், சிறுகதைகள், அறிஞர்களின் வரலாறுகள் என்று ஓயாமல் எழுதினார். 1826இல் வந்த ‘கடைசி மனிதன்’, இருபத்தோராம் நூற்றாண்டின் இறுதியில் கொள்ளைநோய் உலகையே அழிப்பதைச் சொல்வது. அன்று யாரும் பாராட்டவில்லை. 2020இல் உலகமே வீட்டுக்குள் அடைந்தபோது பலர் தேடிப் படித்தார்கள். மகனைப் படிக்க வைக்கவே ஹாரோ பள்ளிக்கருகே குடிபெயர்ந்து, பின் கேம்பிரிட்ஜுக்கும் அனுப்பினார். 1844இல் மாமனார் இறந்தபின்தான் பணக்கவலை ஓரளவு தீர்ந்தது.

தொடக்கத்தில் சொன்ன திரைப்படத்துக்கு இங்கே ஒரு குறை சொல்ல வேண்டும். அதில் உதவியாள் தவறுதலாக ஒரு குற்றவாளியின் மூளையைத் திருடி வந்துவிடுகிறான். அதைத்தான் பூதத்துக்கு வைக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு வசதி! பிறவியிலேயே கெட்டது என்று சொல்லிவிட்டால் வெறுத்தவர்கள் மேல் பழியில்லை அல்லவா? மேரி எதை மறுப்பதற்காகக் கதை எழுதினாரோ அதையே படத்தில் நிலைநாட்டிவிட்டார்கள். அவனுடைய பேச்சையும் பறித்துவிட்டார்கள்.

கடைசி ஆண்டுகளில் தலைவலியும் கைகால் செயலிழப்பும் மேரியை வாட்டின. மூளையில் கட்டி என்று கருதினார்கள். 1851 பிப்ரவரி முதல் நாள், ஐம்பத்து மூன்றாம் வயதில் லண்டனில் காலமானார். தாய் தந்தையரோடு அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். பழைய புனித பங்கிராஸ் கல்லறைத் தோட்டமோ பாழடைந்து கிடந்தது. ஆகவே மகனும் மருமகளும் மேரியைப் போர்ன்மத் நகரத்துப் புனித பேதுரு ஆலயத்தில் அடக்கம் செய்து, காட்வினின் உடலையும் உல்ஸ்டன்கிராஃப்ட் அம்மையாரின் உடலையும் லண்டனிலிருந்து அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். மேரி விரலால் தடவி எழுத்துக் கற்ற அந்தக் கல் மட்டும் இன்றும் லண்டனில் பழைய இடத்திலேயே நிற்கிறது.